ஊமைக் கசத்துப் போர்டு

ஆவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. போர்டுல இருந்த நம்பர நாந்தான் அழிச்சேன், நாந்தான் மாத்தி எழுதுனேன். இந்தா, இந்தக் கையிதான். வேணும்னா இதையும் கிட்டக்க ஒரு படம் எடுத்துக்கிடுங்க, நகத்துல இன்னும் செவப்பு போகல.

ஐயய்ய, அந்த ஸ்டூல்ல ஒக்காராதிய, பெயிண்ட் காயல. இங்கன சேர்ல ஒக்காருங்க. செல்ல அந்த ஸ்டாண்டுல மாட்டிட்டு நீங்க பாட்டுக்கு எடுங்க, எனக்குக் கூச்சம் ஒண்ணும் கெடையாது. போன்ல சொன்னதத்தான் திரும்பச் சொல்லுதேன். வெட்டாமப் போடணும். நான் பேசுததுல பாதிய எடுத்துக்கிட்டு மீதிக்கு மியூசிக்கப் போட்டுராதிய. இதக் கேட்டுட்டு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, அந்தப் பாறைக்குப் போகாம வீட்டுல கெடந்தான்னா எனக்குப் போதும். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னது.

உங்க கொரலக் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன் பாத்துக்கிடுங்க. ஊமைக் கசத்தப் பத்தி வந்த மொத வீடியோவுல பேசுனது நீங்கதான? ஷெர்லின். ஆங், அதே பேருதான். எதுக்கும்மா அதுல அப்பிடிக் குசுகுசுன்னு பேசுனிய? நட்டப்பகல். பின்னால ஒரு மனுசன் எருமையக் குளிப்பாட்டிட்டு நிக்கான், வீடியோவுலயே தெரியுது. நீங்க என்னடான்னா, நண்பர்களே சத்தம் போடாதீங்க, அவங்க முழிச்சுக்குவாங்கன்னு ரகசியம் பேசுதிய. எரும முழிச்சுத்தான்மா நின்னுச்சு.

சிரிங்க, சிரிங்க. அன்னைக்கி நானுந்தான் சிரிச்சேன்.

எடத்தைப் பத்திச் சொல்லணுமா? சொல்லுதேன். குத்தாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல, மெயின் ரோட்ட விட்டுத் தோப்புக்குள்ள எறங்கிப் போகணும். கசம்னா ஓடையில ஆழமாக் கெடக்க எடம், உங்க நாகர்கோயில் பக்கமும் அப்பிடித்தான சொல்லுவாவ? மலையில இருந்து எறங்குத தண்ணி அம்புட்டுத் தூரம் எரைஞ்சுக்கிட்டு வந்து, அங்கன மட்டும் சத்தமில்லாம நிக்கும். அதனால ஊமைக் கசம். சீசனுக்கு வாரவன் ஒருத்தனுக்கும் அப்பிடி ஒரு எடம் இருக்குன்னே தெரியாது. அவனுக்கு அருவி வேணும், மேலுக்கு எண்ணெ தேய்க்க ஆளு வேணும், பார்டர்ல பரோட்டா வேணும். ஊமைக் கசத்துக்கு எருமையும் எருமைக்கார உச்சிமாகாளியுந்தான் போவாவ.

ஆபத்தா? இருக்கு. ஒண்ணே ஒண்ணு. பாசி. சாய்ப்பா ஒரு பாறை தண்ணிக்குள்ள எறங்குது, அதுல வருசம் பூரா பாசி. கால வச்சா நேரா உள்ளதான், புடிக்க ஒரு வேரு கூடக் கெடையாது. எரும கூட அந்தப் பக்கம் எறங்காது. சுத்திப் போயி மண்ணுல எறங்கும்.

மொதல்ல அங்கன ஒரு போர்டு இருந்துச்சு, அதுவும் நான் எழுதுனதுதான். பாசி வழுக்கும், இறங்காதீர். மஞ்சள்ல கறுப்பு எழுத்து. படம் கெடையாது. பத்து வருசம் இருந்துச்சு. உச்சிமாகாளி துண்டு காயப்போடுவாரு. அவ்வளவுதான் அதுக்கு மரியாத. ஆனா பாருங்க, அந்தப் பத்து வருசத்துல அங்கன ஒரு ஆளுக்குக் கால் சுளுக்குனது கூடக் கெடையாது. எவனும் போகலையே, பெறவு எப்பிடிச் சுளுக்கும்?

அந்தப் போர்டு துருப்பிடிச்சு விழுந்ததும் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாவ. எந்த ஆபீஸ்னு கேக்காதிய, அவுகளும் பொழைக்கணும். கடற்கரைன்னு ஒரு சாரு, போர்டு விசயம் பூரா அப்ப அவரு கையில. பிச்சைமணி, இந்த தடவ சும்மா எழுத்து வேண்டாம்வே, பாத்ததும் அடிவயிறு கலங்கணும், அப்பிடி ஒரு படம் போடும்னாரு.

அவரு சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். நான் தென்காசியில முப்பது வருசமாச் செவத்துல எழுதுதேன். இங்கு சிறுநீர் கழிக்காதீர்னு எழுதாத தெரு கெடையாது. எவன் கேட்டான்? அந்த எழுத்தையே குறி பாத்து அடிப்பான். பெறவு அதே செவத்துல ஒரு முருகன், ஒரு மாதா, ஒரு பள்ளிவாசல், மூணையும் வரிசையா வரஞ்சு விடுவோம். அன்னைக்கோட செவரு காஞ்சிரும். எழுத்துக்குப் பயப்பட மாட்டான், படத்துக்குப் பயப்படுவான். இத எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரல, மூத்திரச் செவருதான் சொல்லித் தந்துச்சு. வெட்டிராதிய இத.

வரஞ்சேன். தண்ணிக்குள்ள இருந்து ஒரு பொம்பளக் கை மேல வருது. கை நெறைய வளையல். கீழ தலமுடி தண்ணியோட பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுது. மொகம் போடல. மொகம் போட்டா பயம் போயிரும், அது தொழில் நெளிவு சுளிவு. மூணு நாள் ஆச்சு. வளையல் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வெளிச்சம் வச்சேன். நெசத்தச் சொல்லணும்லா, திமிருதான். நம்பர் பிளேட்டும் தண்ணி டேங்கும் எழுதி எழுதிச் செத்துப்போன கைக்கு, ஒரு படம் போடுன்னு ஒருத்தரு சொன்னா விடுமா?

படமே முக்காவாசி எடத்தத் தின்னுருச்சு. மேல ஆபத்துன்னு செவப்புல ஒரு வார்த்த. கீழ, இதுவரை இங்கு இத்தன பேரு உயிரிழந்துள்ளனர்னு ஒரு வரி. பாசிக்கு எடமில்ல. சார்கிட்டக் கேட்டேன், சார் பாசி வழுக்கும்னு ஓரத்துல பொடிசாப் போடவான்னு. பாசிய எவன்வே படிக்கான், விடும்னாரு. விட்டுட்டேன். அவர மட்டும் சொல்லல, என்னையுஞ் சேத்துத்தான் சொல்லுதேன்.

இப்பக் கேளுங்க, இதுதான் விசயம். அவுக குடுத்த பேப்பர்ல அந்த எண்ணிக்கை எழுதுத எடம் காலி. வெறும் புள்ளி புள்ளியா இருக்கு. போன் பண்ணுனேன். சார், எத்தன பேருன்னு போடணும்? அவரு ஏதோ மீட்டிங்ல இருக்காரு. எத்தன பேரு செத்திருக்கான்வேன்னு என்னையவே கேக்காரு. எனக்குத் தெரிஞ்சு எவனும் இல்ல சார்னேன். ஒருத்தனும் சாகலன்னு எழுதவா போர்டு வைக்கோம், நீரே பாத்து ஒண்ணு போடும்னு வச்சிட்டாரு.

யோசிச்சேன். பத்து, இருவதுன்னு போட்டா சும்மா அடிச்சுவிட்ட மாதிரி இருக்கும். பதினாறு போட்டா பதினாறும் பெற்றுன்னு கல்யாணப் பத்திரிக ஞாபகம் வரும். பதினெட்டு போட்டா மலைக்கு மால போட்டவன் சாமியேன்னு கும்பிடுவான். பதினேழுக்குத்தான் ஒரு வம்பும் கெடையாது. யாரோ நின்னு எண்ணிப் பாத்துச் சொன்ன மாதிரியும் இருக்கு. போட்டேன். பதினேழு.

ஆமாம்மா. அவ்வளவுதான். உங்க பதினேழு ஆவியும் இந்த டப்பாவுல இருந்துதான் வந்துச்சு. என்ன, மூஞ்சி இப்பிடிப் போவுது? தண்ணி குடிக்கியளா?

பெறவு நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. நீங்க எந்த வழியா அந்தப் பக்கம் வந்தியளோ, வந்திய. பதினேழு உயிர் குடித்த கசம்னு போட்டிய. ஒரே வாரத்துல எட்டு லட்சம் பேரு பாத்துட்டான். உங்களப் பாத்து இன்னும் நாலு சேனல் வந்துச்சு. ஒருத்தன் உச்சிமாகாளியப் புடிச்சு மைக்க நீட்டுதான். அவரு உள்ளதச் சொன்னாரு. ஐயா, நான் நாப்பது வருசமா இங்கன எரும குளிப்பாட்டுதேன், எவனும் சாகல, போர்டுல எவனோ கிறுக்கன் எழுதிப்போட்டிருக்கான்னு. அத எப்பிடிப் போட்டாவ தெரியுமா? உண்மையை மறைக்கும் முதியவர், யாருக்குப் பயப்படுகிறார்? அந்த மனுசன் அன்னையில இருந்து வேற ஓடைக்குப் போயிட்டாரு. எருமைக்கு ஆளுகளப் பாத்தா மெரட்சியாம்.

டிவியிலயும் வந்துச்சு. நாலு பேர நாலு கட்டத்துக்குள்ள ஒக்கார வச்சுச் சண்ட. ஒருத்தரு ஆவி ஆராய்ச்சி, கையில மீட்டர் வச்சிருக்காரு. இன்னொருத்தரு பகுத்தறிவு. நான் அவரத்தான் நம்பி ஒக்காந்திருந்தேன், இவராவது கேப்பாருன்னு. அவரு மேசையத் தட்டிச் சொல்லுதாரு, ஆவியெல்லாம் சுத்தப் பொய், அந்தப் பதினேழு பேரும் நீர்ச்சுழல்ல சிக்கிச் செத்தவங்கன்னு. அடப்பாவி! ஆவியில சந்தேகம் இருக்கு, சுழல்ல சந்தேகம் இருக்கு, என் பதினேழுல மட்டும் ஒரு பயலுக்கும் சந்தேகமில்ல.

போர்டு மூலையில பிச்சைமணி ஆர்ட்ஸ், தென்காசின்னு செல் நம்பரோட போட்டிருக்கேன்லா, தொழில் பழக்கம். போன் வந்து குமிஞ்சிருச்சு. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தரு, அண்ணே அமாவாசைக்கு வரலாமா, கூட சின்னப் புள்ள இருக்கும்பாரு. புள்ளைய பாசியில மட்டும் விட்டுராதியன்னேன். அதில்லண்ணே, ஆவி கொழந்தைகள என்ன செய்யும்னு சொல்லுங்கன்னாரு. போன வச்சிட்டேன்.

கூட்டம்னா கூட்டம். தோப்பு முக்குல எலுமிச்சம்பழக் கட. அதுக்குப் பக்கத்துல ஒருத்தன் கறுப்புக் கயிறு விக்கான், கேரளாவுல மந்திரிச்சதாம். நம்ம சந்தையில வாங்குனது, எனக்குத் தெரியாதா? ஒரு பைக்குல மூணு பேரு வாரான், காத்துக் கருப்பு அண்டாம இருக்க மூணு பேரும் கையில கயிறு கட்டியிருக்கான். ஹெல்மெட்டு? இருக்கு. பெட்ரோல் டேங்கு மேல. அந்த ரோட்டுத் திருப்புல மாசத்துக்கு ஒருத்தனாவது விழுதான்மா, அங்கன மெதுவாகச் செல்லவும்னு எழுதுனதும் நாந்தான். அங்க போயி ஒருத்தரும் குசுகுசுன்னு பேசல. லாரிக்கு வளையல் கெடையாதே.

நான் ஏன் அப்பவே சொல்லலையா? நல்லாக் கேட்டிய. சொல்லியிருக்கலாம். உங்க வீடியோவுக்கு அடியில ஒரு வரி எழுதியிருந்தாக் கூடப் போதும். எழுதல. எட்டு லட்சம் பேரு என் படத்தப் பாத்திருக்கான்ங்குத நெனப்பு. டீக்கடையில, இந்தா கசத்துக்குப் படம் வரஞ்ச அண்ணாச்சின்னு எந்திரிச்சு எடம் குடுக்கான். அந்த ருசி விடுமா? விடல.

இன்னொண்ணு சொல்லணும். ஆளும் போர்டும் தண்ணியும் ஒரே போட்டோவுல விழணும்னா, அந்த ஆளு நிக்குததுக்கு ஒரே எடந்தான் இருக்கு. அந்தச் சாய்ப்புப் பாறை. போர்ட எங்கன நடணும்னு நாங்க யாரும் யோசிக்கல. நல்லாத் தெரியணும்னு தண்ணி ஓரத்துல நட்டுட்டோம். பாறைக்கு மேல, மட்டமா இருக்க எடத்துல நின்னு எடுத்துக்கிட்டிருந்தான் எல்லாவனும். பயம் இருந்துச்சுல்லா, கீழ எறங்கல. பதினேழு பேரு இழுத்துருவாவன்னு ஒரு பயம். அந்த மட்டுக்கு என் பொய்யி வேலையும் பாத்துச்சு பாத்துக்கிடுங்க.

இப்ப இருவத்தி நாலு நாளைக்கி முன்னால அந்தப் பொண்ணு விழுந்துச்சு. நீங்களே போட்டிய. சிவகிரி புதுப்பெண், பதினெட்டாவது பலி. அது கல்யாணப் போட்டோவ எங்க இருந்தோ எடுத்து, கண்ணு ரெண்டுக்கும் செவப்பு அடிச்சு, பின்னால என் கைப் படத்த ஒட்டியிருந்திய. கை, கண்ணு, கசம். நல்ல வேலைதான், ஒரு ஆர்ட்டிஸ்டாச் சொல்லுதேன், கலரு சேந்திருந்துச்சு.

இல்லம்மா, நீங்க பண்ணலன்னா வேற யாரும் பண்ணியிருப்பாவ. தெரியும். குடிங்க தண்ணிய.

அதுக்கு ஒரு ரெண்டு வாரம் கழிச்சு ஆபீஸ்ல இருந்து போன். கடற்கரை சார் மாறிப் போயிட்டாரு, இவரு புதுசா வந்தவரு, என்னைய முன்ன பின்னத் தெரியாது. போர்டு மூலையில நம்பரப் பாத்துப் போட்டிருக்காரு. ஆர்ட்டிஸ்டா, பெரிய ஆபீசர் பார்வைக்கி வாராரு, அந்தப் பதினேழப் பதினெட்டா மாத்திரணும், சின்ன வேலைதான், வெரசா முடிச்சிருங்கன்னாரு. சரி சார்னேன்.

போனேன். ராத்திரியில இல்ல, காலையில பதினோரு மணி. சாரல் கூட இல்ல, சுள்ளுன்னு வெயிலு. தின்னர ஊத்தித் தொடச்சேன், பதினேழு போயிருச்சு. ஒண்ணுன்னு எழுதுனேன். மதுரைக்காரக் குடும்பம் ஒண்ணு பஜ்ஜி தின்னுக்கிட்டுப் பாத்துட்டு நிக்கி. ஒரு பய, அங்கிள் கொஞ்சம் தள்ளுங்க, கை மறைக்கின்னு என்னையத் தள்ளி நிக்கச் சொல்லிட்டுப் போட்டோ எடுத்தான். அவன் செல்லுல பாத்தா பெயிண்ட் டப்பாவோட என் பாதி முதுகாவது இருக்கும்.

மறுநாள் நீங்க போடுதிய, ஒரே இரவில் மாறிய எண், விடுதலையான பதினாறு ஆவிகள் எங்கே? ஏம்மா, பதினேழுல ஒண்ணக் கழிச்சு மிச்சம் பதினாறுன்னு கணக்கு மட்டும் சுத்தமாப் போட்டிருக்கிய! பதினாறும் வெளிய வந்து அலையுதாம். அத நம்பி நேத்து மட்டும் எத்தன வண்டி தெரியுமா? ரோடு வரைக்கும் நிக்கி. முன்ன மட்டத்துல நின்னவன்லாம் இப்ப கீழ எறங்குதான். ஏன்னு கேட்டா, அதான் ஆவி எல்லாம் போயிட்டுல்லா, இப்ப பயமில்லையேங்கான். இதுக்கு நான் எங்க போயி முட்டிக்கிட? நான் நெசத்த எழுதுனேன், அது இன்னும் நாலு பேர பாசியில எறக்குது. அதான் விழுந்தடிச்சு உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க சொன்னாத்தான் கேப்பாவ. நான் யாரு, போர்டு எழுதுதவன்.

என்ன? ஏன் பதினெட்டுன்னு எழுதலன்னா? எப்பிடிம்மா எழுதுவேன்? இல்லாத பதினேழு பேருக்குப் பின்னால கொண்டு போயி, உள்ள ஒருத்திய வரிசையில நிறுத்தச் சொல்லுதியளா?

அந்தப் பொண்ணத் தெரியுமாவா.

எம்மகதாம்மா. அபர்ணா. சிவகிரியில குடுத்து ஆறு மாசம். மாப்பிள்ள பட்டாளத்துல இருக்காரு, லீவுக்கு வந்திருந்தாரு. அவரு கூட்டாளிகளும் அவுக வீட்டுப் பொம்பளையளுமாச் சேந்து குத்தாலத்துக்கு வந்திருக்காவ. அருவியில குளிச்சிட்டு, இவதான் கசத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா, எங்கப்பா வரஞ்ச படத்தப் பாக்க வாங்கன்னு. மாப்பிள்ள சொன்னாரு. மத்த பொம்பளையள் எல்லாம் பதினேழுங்குதக் கேட்டுட்டு எலுமிச்சம்பழக் கடையத் தாண்டி வரலையாம். இவ சிரிச்சாளாம். அட, அது எங்கப்பா சும்மா போட்டதுட்டி, சோறு திங்கையில எங்ககிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவன்னு சொல்லிட்டு, கீழ எறங்கி அந்தப் பாறையில போயி நின்னிருக்கா. எங்கப்பா பேரும் விழணும், நல்லா எடுங்கன்னாளாம்.

பயந்தவ எல்லாம் வீட்டுக்குப் போயிட்டா. அது பொய்யின்னு அம்புட்டுக் கூட்டத்துலயும் இவ ஒருத்திக்குத்தான் தெரியும். பொய்யச் சொல்லிச் சிரிச்சேன்லா அவகிட்ட, பாசியச் சொல்லல. எனக்குத் தோணவே இல்லம்மா.

ம்? திரும்ப ஒருக்கா சொல்லணுமா? ஏன், பதிவாகலையா?

ஓ. மகளப் பத்தி மொதல்ல சொல்லிட்டுப் பெறவு போர்டுக்கு வரணுமா. அவ போட்டோவ வேற கையில வச்சுக்கிடணுமா. நான் அழல, அதுவும் கொறையாக்கும். அழுகைய எல்லாம் உள்ள அவ அம்ம பாலம்மாள் பாத்துக்கிடுதா, அங்க செல்லக் கொண்டுட்டுப் போயிராதிய, கையெடுத்துக் கும்பிடுதேன்.

சரி, போடுங்க. ஓடுதா? எம்பேரு பிச்சைமணி. பெயிண்டர். ஊமைக் கசத்துல இதுவரைக்கும் செத்தது ஒரே ஆளு. அது எம்மக. போதுமா?